கோழித் தீனியைத் தின்பது யார்?

தோட்டத்து லயமானாலும் சரி, பட்டணத்து வரிசை வீடானாலும் சரி, பின்பக்கம் நாலு கோழி மேய்ந்தால்தான் நம்மவர்களுக்கு அது வீடு மாதிரி இருக்கும். திடீரென்று விருந்தாளி வந்தால் குழம்புக்கு ஒன்று. பிள்ளைக்குச் சளி கட்டினால் மிளகு ரசத்துக்கு ஒன்று. முட்டை விற்ற நாலு காசு அம்மாவின் முந்தானை முடிச்சில். அந்த முடிச்சைப் பற்றிக் கணக்குக் கேட்கும் வழக்கம் கணவன்மாருக்குக் கிடையாது. கேட்கவும் கூடாது!

ஆனால் கேட்காமலே அந்த முடிச்சில் கை வைக்கிறவன் ஒருவன் இருக்கிறான். இரவில் எலியாக வருகிறான், பகலில் அணிலாக வருகிறான். "தீனி வாங்கிக் கட்டுப்படியாகவில்லை", "முட்டை குறைந்துவிட்டது", "நேற்று எட்டுக் குஞ்சு எண்ணினேன், இன்றைக்கு ஆறுதான்" என்று நீங்கள் அண்டை வீட்டுக்காரியிடம் சொல்லிப் புலம்புகிறீர்களே, அதில் பெரும்பகுதி இவன் செய்த வேலை. கோழியைத் திட்டிப் பயனில்லை.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். முட்டையிடும் கோழி ஒன்று நாளொன்றுக்கு 100 முதல் 120 கிராம் வரை தீனி தின்னும். வளர்ந்த எலி ஒன்று ஏறக்குறைய 25 கிராம் தின்னும். ஐந்து எலி சேர்ந்தால் ஒரு கோழியின் பங்கு போயிற்று. உங்கள் கூட்டுக்கு இருபது எலி வந்து போகிறதென்றால், முட்டையும் இடாத, கறிக்கும் ஆகாத நாலு கோழிகளை நீங்கள் வளர்க்கிறீர்கள் என்று அர்த்தம். மாதத்துக்கு 15 கிலோ தீனி! "இருபது எலியா? எங்கள் வீட்டிலா?" என்று முகம் சுளிக்க வேண்டாம். எலி மூன்று வாரத்தில் குட்டி போடும். ஓர் ஈற்றுக்கு ஆறு முதல் பத்துக் குட்டி. அந்தக் குட்டிகள் மூன்று மாதத்துக்குள் தாங்களும் குட்டி போடத் தயாராகிவிடும். பகல் வெளிச்சத்தில் ஓர் எலி பயமில்லாமல் குறுக்கே ஓடினால், கண்ணில் படாத கூட்டம் பின்னால் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தின்பதோடு விட்டாலும் பரவாயில்லை. தின்கிற இடத்திலேயே மூத்திரம், புழுக்கை. தின்றதைவிடக் கெட்டது அதிகம்.

பட்டணத்து வாசகர்கள் இதைத் தோட்டத்து விஷயம் என்று புரட்டிவிடக் கூடாது. இன்றைக்குக் காப்பிக் கடைகளுக்கும் பெரிய பங்களாக்களுக்கும் பேர்போன பங்சாரையே எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். புங்கே, கிரிசார் என்ற இரண்டு ஐரோப்பிய முதலாளிகளின் பெயர்கள் சேர்ந்துதான் 'பங்சார்' ஆயிற்று என்று பரவலாகச் சொல்வார்கள். நம்மவர்கள் பால் வெட்டிய குன்றுகளில்தான் பிற்பாடு வீடமைப்புப் பகுதிகள் எழும்பின. தோட்டம் போய்விட்டது. ஆனால் குன்றுச் சரிவும், பெரிய மழைமரங்களும், வீட்டுக்குப் பின்னால் ஓடும் லோங்காங்கும், சாப்பாட்டுக் கடைகளின் பின்சந்தும் இருக்கின்றன. மரத்திலிருந்து அணில் இறங்குகிறது, லோங்காங்கிலிருந்து எலி ஏறுகிறது. இரண்டுக்கும் நடுவில் உங்கள் கோழிக்கூடு.

தோட்டத்தில் கதை வேறு. ரப்பர்க் காட்டில் எலிக்குத் தின்ன அதிகம் கிடையாது. 1960களிலிருந்து தோட்டத்துக்குத் தோட்டம் ரப்பரை அழித்துச் செம்பனை வைத்தார்களே, அப்போது எலிக்குக் கல்யாண விருந்து தொடங்கியது. உதிர்ந்த பழம், மட்டை இடுக்கில் கூடு, வெட்டிப் போட்ட ஓலைக் குவியலில் மறைவு. செம்பனைக் காட்டு ஓரத்து வீடுகளில் எலி ஏன் இவ்வளவு என்று கேட்டால், காரணம் வீட்டுக்காரியின் சோம்பல் அல்ல.

<b>அணில் நல்லவனா, கெட்டவனா?</b>

ஊரிலிருந்து வந்த தாத்தா பாட்டிகள் சொன்ன அணில் வேறு. முதுகில் மூன்று கோடு போட்ட, இராமர் தடவிக் கொடுத்த அணில் அது. இங்கே பங்சார் வேலியிலும் கிள்ளான் தென்னந்தோப்பிலும் ஓடுகிற அணிலின் முதுகில் கோடு கிடையாது. விலாவில் ஒரு கறுப்பு, ஒரு வெள்ளைக் கோடு. வயிறு செம்மண் நிறம். உருவமும் பெரிது. கோக்கோ பயிரிட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள், காயைத் துளைத்துத் தின்று அது செய்த நாசத்தைக் கதை கதையாகச் சொல்வார்கள்.

இன்னொன்றும் உண்டு. மலாய்க்காரர்கள் 'துப்பாய்' என்று பொதுவாகச் சொல்லும் கூட்டத்தில், நீண்ட கூர்மூக்குடன் தரையில் மோந்து மோந்து ஓடும் பிராணி ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். வால் அணில் வால்தான். ஆனால் அது அணிலே அல்ல, எலி இனமும் அல்ல. பூச்சியும் பழமும் தின்று திரியும் வேறு சாதி. அதே மாதிரி, 'கீச் கீச்' என்று கத்திக்கொண்டு சுவரோரம் ஓடும் நாற்றம் பிடித்த மூஞ்சூறும் எலி இனம் அல்ல. பெரும்பாலும் கரப்பானும் பூச்சியும்தான் அதற்கு ஆகாரம். பிள்ளையார் கோபித்துக்கொள்வார் என்பதற்காக இல்லாவிட்டாலும், அதைத் துரத்தித் துரத்தி அடிக்க வேண்டிய அவசியமில்லை.

அணிலுக்கு முக்கிய உணவு பழம், கொட்டை, பூச்சி. கோழிக் குஞ்சைத் தூக்கிக்கொண்டு போகும் ஆள் அது அல்ல. ஆனால் தட்டில் சோளம் கிடந்தால் விடாது, கேட்பாரற்ற முட்டை கிடைத்தாலும் விடாது. பகலில் வருகிறது என்பதுதான் அதனால் வரும் சங்கடம். இரவில் கூட்டைப் பூட்டுகிற நாம் பகலில் திறந்து போட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுகிறோம்.

<b>யார் கைவரிசை?</b>

பழி போடுவதற்கு முன் தடயம் பாருங்கள். சிறு குஞ்சுகள் இரவில் ஒவ்வொன்றாகக் காணாமல் போய், கூட்டின் மூலையில் விரலிரண்டு நுழையும் பொந்து இருந்தால் அது எலி. அடைகாக்கும் கோழி இரவில் இடத்தை விட்டு எழுந்திருக்காது. அதனால் எலி அதன் காலையும் அடிவயிற்றையும்கூடக் கடித்துவிடும். காலையில் கோழி நொண்டினால் காலைத் தூக்கிப் பாருங்கள். பெரிய கோழியே செத்துக் கிடந்தால் எலியை விட்டுவிட்டு மூசாங்கை நினையுங்கள். பட்டப்பகலில் முட்டை ஓடுகூட மிச்சமில்லாமல் போனால் உடும்பாக இருக்கலாம், பாம்பாகவும் இருக்கலாம். முட்டை உடைந்து, கோழியின் அலகிலேயே மஞ்சள் கரு ஒட்டியிருந்தால்? திருடன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான் அம்மா! சில கோழிகள் தம் முட்டையைத் தாமே குடிக்கப் பழகிவிடும்.

சந்தேகம் தீரவில்லையென்றால் அடுப்புச் சாம்பலோ கோதுமை மாவோ கூட்டைச் சுற்றி மெல்லியதாகத் தூவிவிட்டுப் படுங்கள். காலையில் கால் தடம் பேசும். எலியின் தடத்துக்கு நடுவே வால் இழுத்த கோடும் சில வேளை தெரியும்.

<b>காசைவிடப் பெரிய நஷ்டம்</b>

தீனி போனது, குஞ்சு போனது என்பதெல்லாம் பண நஷ்டம். எலியின் மூத்திரத்தால் வரும் காய்ச்சல் அப்படியல்ல, உயிரையே கேட்கும். மலாயில் 'கென்சிங் தீக்குஸ்' நோய் என்பார்கள். லெப்டோஸ்பைரோசிஸ் என்பது மருத்துவப் பெயர். இது புதிதாக முளைத்த நோயல்ல. 1920களிலேயே கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் டாக்டர் வில்லியம் பிளெட்சர் இதை இந்த நாட்டில் கண்டறிந்து எழுதினார். இந்நோய் கண்டால் சுகாதார இலாகாவுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டும் என்ற விதி 2010இல் வந்தது.

எலி மூத்திரம் கலந்த நீரிலோ சேற்றிலோ வெறுங்காலுடன் நின்றால், காலில் உள்ள சிறு வெட்டுக்காயம், சிராய்ப்பு வழியாகக் கிருமி ஏறும். கண், வாய் வழியாகவும் ஏறும். கோழிக்கூட்டை யார் கழுவுகிறார்கள்? பள்ளி விட்டு வந்த பிள்ளை, செருப்பில்லாத காலோடு! ஆகவே கூடு கழுவும்போது ரப்பர் பூட்ஸ் போடச் சொல்லுங்கள், கையுறை இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பையாவது கையில் சுற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். காய்ந்த புழுக்கையைத் துடைப்பத்தால் பெருக்கித் தூசி கிளப்பாமல், குளோரின் கலந்த தண்ணீர் தெளித்து ஈரமாக்கி வாருங்கள். கூடு கழுவிய ஒன்றிரண்டு வாரத்தில் கடுங்காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் தசையில் தாங்க முடியாத வலி, கண் சிவப்பு என்று வந்தால் கடையில் காய்ச்சல் மாத்திரை வாங்கி விழுங்கிக் காத்திருக்காதீர்கள். டாக்டரிடம் போய், "எங்கள் வீட்டில் கோழிக்கூடு இருக்கிறது, எலி நடமாட்டம் உண்டு" என்று வாய் திறந்து சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் அவருக்குப் பெரிய உதவி. ஆரம்பத்திலேயே மருந்து கொடுத்தால் குணமாகும். முற்றினால் சிறுநீரகத்தையும் ஈரலையும் தாக்கும்.

<b>முதலில் பூட்ட வேண்டியது தீனியை</b>

எலி கோழிக்காக வருவதில்லை. தீனிக்காக வருகிறது. வந்த இடத்தில் முட்டையும் குஞ்சும் கிடைத்தால் அதையும் எடுத்துக்கொள்கிறது. தீனியை மறைத்துவிட்டால் பாதிச் சண்டை முடிந்தது. கூட்டைப் பழுது பார்ப்பதற்கு முன்பே இதைச் செய்யுங்கள், செலவும் குறைவு.

தீனி மூட்டையைச் சாக்கோடு திண்ணையில் சாய்த்து வைப்பது எலிக்குப் பந்தி விரிப்பதற்குச் சமம். பிளாஸ்டிக் வாளியும் உதவாது, ஓரிரவில் விளிம்பைக் கடித்துத் துளை போட்டுவிடும். மூடி இறுக்கமான தகர டின் வேண்டும். பழைய பிஸ்கட் டின், பால்மாவு டின், பெரிய குடும்பமானால் மூடி போட்ட இரும்பு டிரம். மூடியின் மேல் ஒரு செங்கல்.

அடுத்தது தீனி போடும் முறை. நாள் முழுதும் தட்டு நிறையத் தீனி கிடக்க வேண்டியதில்லை. காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம், அரை மணி நேரத்தில் தின்று தீர்க்கும் அளவு. பொழுது சாய்வதற்குள் தட்டை எடுத்துக் கழுவிக் கவிழ்த்துவிடுங்கள். சிந்திய நொய், தேங்காய்ப்பூ, சோற்றுப் பருக்கை எல்லாவற்றையும் கூட்டிவிடுங்கள். இரண்டு வேளையும் வேலைக்குப் போகிறவர்களுக்கு இது சிரமம்தான். அவர்கள் தீனிப் பாத்திரத்தைக் கோழியின் முதுகு உயரத்துக்குக் கம்பியில் தொங்கவிடலாம். கோழி நிமிர்ந்து கொத்தும், சிந்துவது குறையும். கை வேலை தெரிந்த ஆண்கள் வீட்டில் இருந்தால், கோழி மிதித்தால் மட்டும் மூடி திறக்கிற பெட்டி ஒன்று செய்து தரச் சொல்லுங்கள். கோழியின் எடைக்குப் பலகை தாழும், எலி, அணிலின் எடைக்குத் தாழாது. ஞாயிற்றுக்கிழமைக்கு நல்ல வேலை!

தண்ணீரையும் மறக்க வேண்டாம். எலிக்குத் தாகமும் உண்டு. இரவில் தட்டுத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கோழி இருட்டில் தண்ணீர் தேடாது.

மிளகாய்த் தூள் கதையையும் சொல்லிவிடுகிறேன். பறவைகளுக்கு மிளகாயின் காரம் உறைக்காது. எலிக்கும் அணிலுக்கும் நம்மைப் போலவே உறைக்கும். அதனால் தீனியில் கொஞ்சம் மிளகாய்த் தூள் கலந்தால் கோழி சாதாரணமாகத் தின்னும், அணில் வாயைத் துடைத்துக்கொண்டு ஓடும். பகலில் வரும் அணிலுக்கு இது ஓரளவு பலன் தரும். பசித்த எலிக்கூட்டத்தை இதை மட்டும் வைத்து நிறுத்த முடியாது. பூச்சி உருண்டையைக் கூட்டில் தொங்கவிடுகிறவர்கள் உண்டு. அது வேண்டவே வேண்டாம். அது விஷம், பிள்ளைகள் மிட்டாய் என்று வாயில் போட்டுவிடுவார்கள்.

<b>அரை அங்குலக் கணக்கு</b>

இனிக் கூடு. கடையில் 'கோழி வலை' என்று விற்கும் அறுகோணக் கண் வலை கோழியை உள்ளே வைத்திருக்கும், எலியை வெளியே வைத்திருக்காது. குட்டி எலிக்கு அந்தக் கண்ணே கதவு. அரை அங்குல இடைவெளி கிடைத்தால் எலி உடம்பைக் குறுக்கி நுழைந்துவிடும். சுண்டெலிக்குக் கால் அங்குலமே போதும். ஆகவே அரை அங்குலத்துக்கு மிகாத சதுரக் கண்ணுள்ள, பற்றவைத்த கம்பி வலை வாங்குங்கள். கால் அங்குலம் கிடைத்தால் மேலும் நல்லது. விலை கூடுதல்தான். கூடு முழுவதற்கும் வாங்க வசதியில்லையென்றால், இரவில் கோழி அடையும் பெட்டிக்கும் குஞ்சுகளின் கூண்டுக்கும் மட்டுமாவது அடியுங்கள். மேய்கிற இடத்துக்குப் பழைய வலை போதும்.

தரையில் கூடு வைத்தால் எலி அடியில் வளை தோண்டும். மலாய்க் கம்பங்களில் 'ரெபான்' என்று காலுயர்த்திக் கட்டுகிறார்களே, அந்த முறையில் அர்த்தம் இருக்கிறது. ஒன்றரை அடி உயரத்தில் கூடு இருந்தால் அடியில் வெளிச்சம் பாயும், நாயும் பூனையும் நடமாடும், எலிக்கு ஒளிய இடமில்லை. ஒவ்வொரு காலிலும் வழுவழுப்பான தகரத்தைப் புனல் மாதிரி கவிழ்த்துச் சுற்றி ஆணியடியுங்கள். ஏறி வருகிற எலி அதைத் தாண்ட முடியாது. ஏணியை இரவில் எடுத்துவிடுங்கள். ஏணியை விட்டுவிட்டால் தகரம் போட்டதெல்லாம் வீண்!

தரைக் கூடுதான் என்றால் வலையைச் சுவரோரம் ஓர் அடி ஆழம் புதையுங்கள். அல்லது வெளிப்பக்கமாக ஓர் அடி அகலத்துக்குத் தரையில் மடித்துப் பரப்பி மண் போட்டு மூடுங்கள். எலி சுவரை ஒட்டித்தான் தோண்டும். வலை தட்டினால் பின்வாங்கித் தோண்ட அதற்குத் தோன்றாது.

மேலே அண்ணாந்து பாருங்கள். மாமரக் கிளை கூரையைத் தொடுகிறதா? பக்கத்து ரம்புத்தான் மரத்திலிருந்து ஒரே தாவலில் கூரைக்கு வரலாமா? துணிக்கொடி கூட்டில் கட்டியிருக்கிறதா? இவையெல்லாம் அணிலுக்குப் பாலம். கூட்டைச் சுற்றி ஏழெட்டு அடிக்குக் கிளையை வெட்டிவிடுங்கள். மரத்தை வெட்ட மனமில்லையென்றால் அடிமரத்தில் ஆள் உயரத்துக்கு மேல் இரண்டடி அகலத் தகரப் பட்டை சுற்றுங்கள். பலகைக் குவியல், பழைய டயர், உதவாத அலமாரி எல்லாம் கூட்டுப் பக்கம் இருக்கக் கூடாது. நம் வீடுகளில் எதையும் தூக்கிப் போட மனம் வராது, அதுவும் ஒரு குறைதான். முட்டையைக் காலையிலும் மாலையிலும் எடுத்துவிடுங்கள்.

<b>விஷம் வேண்டாம்</b>

இதுவரை சொன்னதெல்லாம் வேலை. அதற்குப் பயந்துதான் பலர் கடையில் எலி மருந்து வாங்கி வந்து கூட்டுக்கடியில் வீசிவிடுகிறார்கள். வர்ணம் பூசிய அந்தத் தானியத்தைக் கோழி கொத்தினால்? தவழும் பிள்ளை எடுத்தால்? இந்த மருந்துகள் பெரும்பாலும் இரத்தத்தை உறையவிடாமல் செய்து, சில நாள் கழித்துத்தான் கொல்லும். அதனால் பிள்ளை உடனே சுருண்டு விழாது, "ஒன்றும் ஆகவில்லை" என்று நீங்களும் ஏமாந்துவிடுவீர்கள். வாயில் போட்டது தெரிந்த நிமிடமே பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வைட்டமின் கே கொடுத்துக் காப்பாற்றுவார்கள். மருந்து கொத்திய கோழியின் முட்டையையும் கறியையும் சாப்பிடாதீர்கள்.

இன்னொரு நஷ்டமும் உண்டு. செம்பனைத் தோட்டங்களில் கூகைக்குப் பெட்டி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளை முகம், இதய வடிவம், இரவில் கரகரவென்று அலறும். நம்மவர்களில் பலர் அதைச் சாவுக் குருவி என்று கல்லெடுத்து அடிப்பார்கள். உண்மையில் அதன் ஆகாரம் ஏறக்குறைய முழுவதும் எலிதான். குஞ்சு வளர்க்கும் ஒரு ஜோடி, ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேல் எலி பிடிக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சம்பளம் கேட்காத காவல்காரன்! கடுமையான புது எலி மருந்துகள் வந்த பிறகு தோட்டமொன்றில் மருந்து தின்ற எலியைத் தின்று கூகைகள் அழிந்ததை டக்கெட் என்பவர் 1984இல் எழுதி வைத்தார். உங்கள் வீட்டு மருந்தும் அதே வழியில்தான் போகும். அதன் குரல் கேட்டால் வீட்டில் சாவு வராது, எலி வீட்டில்தான் வரும்.

எலியைப் பிடிக்கத்தான் வேண்டுமென்றால் கூண்டுப் பொறி வையுங்கள். சுட்ட கருவாடோ, தீயில் வாட்டிய தேங்காய்த் துண்டோ நல்ல இரை. எலி புதிய பொருளைக் கண்டால் சந்தேகப்படும். ஆகவே முதல் மூன்று நாள் பொறியைத் திறந்தபடியே இரை மட்டும் வைத்துப் பழக்கி, நாலாம் நாள் பூட்டுங்கள். சுவரை ஒட்டி வையுங்கள், நடுமுற்றத்தில் வைத்தால் கிடைக்காது. கோழி எட்டாத இடமாக இருக்கட்டும். செத்த எலியை வெறுங்கையால் தொடாமல் ஆழமாகப் புதையுங்கள். லோங்காங்கில் மட்டும் வீசாதீர்கள்.

பூனையை நம்பலாமா என்று கேட்பீர்கள். குட்டி எலியைப் பிடிக்கும். பெருச்சாளியைக் கண்டால் அதுவே ஒதுங்கிப் போகும். குஞ்சைப் பிடிக்கும் பூனையும் உண்டு.

எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு தேடி வரும். கூட்டில் நாகமோ மலைப்பாம்போ சுருண்டிருந்தால் வீரம் காட்டிக் கம்பெடுக்க வேண்டாம். பிள்ளைகளை உள்ளே அழைத்துக்கொண்டு 999க்குப் போன் போடுங்கள். பொதுத் தற்காப்புப் படையினர் வந்து பிடித்துப் போவார்கள். நகர எல்லைக்குள் இருப்பவர்கள் கோழி வளர்க்க என்ன விதி என்று மாநகர மன்றத்திலோ நகராண்மைக் கழகத்திலோ முன்னதாகக் கேட்டுக்கொள்வதும் நல்லது. எலித் தொல்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் புகார் எழுதிய பிறகு கேட்பதில் பயனில்லை.

இத்தனையும் செய்து முடித்த பிறகு மறுபடியும் சாம்பல் தூவுங்கள். ஒரு வாரம் தொடர்ந்து தூவிப் பாருங்கள். தடம் விழுந்த இடத்தில் எங்கோ ஓட்டை பாக்கி இருக்கிறது, தேடி அடையுங்கள். ஏழு காலையும் சாம்பல் கலையாமல் இருந்தால், கொக்கரித்துக்கொண்டு திரியும் அந்த அடைக்கோழிக்குப் பத்து முட்டை எண்ணி வையுங்கள். இருபத்தோராம் நாள் குஞ்சுகளை எண்ணிக்கொள்ளலாம்.